சுல்ஹு: தீர்ப்பன்று, உடன்பாடு

வழக்காடுவோர் தமக்குள் சமரசம் காண்பதை ஃபிக்ஹு நூல்கள் ‘சுல்ஹு’ என்கின்றன. நடுவர் ஒருவரை ஏற்று அவர் முடிவுக்குக் கட்டுப்படும் ‘தஹ்கீம்’ வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதே நம் ஜமாஅத் பஞ்சாயத்துகளின் குழப்பத்திற்குக் காரணம்.

உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ சுல்ஹை ஓர் ஒப்பந்தமாகவே கொள்கிறது. வணிகத்தைப் போன்றே ஈஜாபும் கபூலும், அதாவது முன்மொழிதலும் ஏற்றலும், அதற்கு வேண்டும்.

புகாரியில் வரும் நிகழ்ச்சி இது. கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் பள்ளிவாசலில் இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் கடனைத் திருப்பிக் கேட்க, இருவர் குரலும் உயர்ந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் அறைத் திரையை விலக்கி, பாதியைத் தள்ளிவிடுமாறு கஅபுக்குச் சைகை காட்டினார்கள். அவர் இசைந்தார். உடனே கடனாளியை எழுந்து செலுத்துமாறு பணித்தார்கள். இப்பிற்பகுதியை நம் மேடைகளில் கேட்பது அரிது.

மஹர் பாக்கி கோரும் பெண்ணிடம் பொறுமையை மட்டும் போதித்து, கணவனிடம் எதுவும் பெறாமல் கையொப்பம் வாங்குவது எவ்வகையில் சுல்ஹு ஆகும்?

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005இல் சமரச மையம் தொடங்கப்பட்டது. அங்கும் சமரசர் தீர்ப்பளிப்பதில்லை. உடன்பாடு எட்டப்படாவிடில் வழக்கு நீதிபதியிடமே திரும்பும். சமரசப் பேச்சில் கூறியவை அங்கே சான்றாகா. மறுக்கவும் நீதிமன்றம் செல்லவும் தனக்கு உரிமையுண்டு என்பதை, ஜமாஅத்தின் முன் வரும் பெண்ணுக்குப் பேச்சு தொடங்குமுன்பே அறிவித்துவிட வேண்டும்.