ந-வுக்கும் ம-வுக்கும் நடுவே ஒரு ஹ

ஜப்பானிய மொழி படிக்கப் போனால், முதல் நாள் சென்செய் (ஆசிரியர்) கையில் கொடுப்பது கட்டம் போட்ட ஒரு தாள். அதில் 46 ஹிரகானா எழுத்துகள். வளைவும் சுழிப்புமாகக் கண்ணுக்கு முற்றிலும் புதியவை. ஆனால் சென்செய் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கியதும் தமிழ்க் காது நிமிர்ந்துவிடும்: அ, இ, உ, எ, ஒ. நம் குறில் ஐந்தும் நம் வரிசையிலேயே வருகின்றன! அடுத்து க, கி, கு, கெ, கொ. அப்படியே ஒவ்வொரு வரியின் முதலெழுத்தையும் படித்தால் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ.

நம் அரிச்சுவடியிலிருந்து ங, ஞ, ட, ண, ல முதலிய, ஜப்பானியருக்குத் தனி வரி இல்லாத எழுத்துகளை எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. ஒரே ஓர் இடத்தில்தான் இடறுகிறது: ப இருக்க வேண்டிய இடத்தில் ஹ.

இந்த ஒற்றுமையை வைத்து இரு மொழிகளும் உறவு என்று சொல்லிவிட முடியாது. வரிசைதான் உறவு. வாய்க்குள் ஒலி பிறக்கும் இடத்தைப் பார்த்து எழுத்துகளை அடுக்கியது இந்திய இலக்கண மரபு. க தொண்டைப் பக்கம், ச அண்ணத்தில், த பல்லில், ப-வும் ம-வும் உதட்டில். மந்திரங்களைப் பிழையில்லாமல் ஓத விரும்பிய ஜப்பானியப் பௌத்தத் துறவிகள் இந்த மரபைச் ‘சித்தம்’ என்ற இந்திய எழுத்துமுறையோடு சேர்த்துக் கற்றார்கள். 804-இல் சீனா சென்று 806-இல் திரும்பிய கூகாய் அவர்களில் புகழ்பெற்றவர். பின்வந்த துறவிகள் தங்கள் மொழியின் ஒலிகளையும் அதே முறையில் அடுக்கினார்கள்.

அப்படியானால் தொண்டையில் பிறக்கும் ஹ உதட்டு வரிசையில் எப்படி வந்தது?

விடை அந்தத் தாளிலேயே இருக்கிறது. க-வின் தலையில் இரண்டு கோடு போட்டால் ‘தங்கம்’ என்பதில் வரும் க. த-வுக்குப் போட்டால் ‘பந்து’ என்பதில் வரும் த. ஹ-வுக்குப் போட்டால்? ‘பம்பரம்’ என்பதில் வரும் இரண்டாவது ப! தொண்டை ஒலிக்குக் கோடு போட்டால் உதட்டு ஒலி வருமா? வராது. அந்த எழுத்து ஒரு காலத்தில் ப-வாக இருந்ததால்தான் வருகிறது.

ப முதலில் தேய்ந்து ஃப போன்ற ஒலியானது. பிறகு ஹ ஆனது. 1603-இல் நாகசாகியில் கிறிஸ்தவப் பாதிரிமார் அச்சிட்ட ஜப்பானிய–போர்த்துகீசிய அகராதியில், இன்று ‘ஹனா’ எனப்படும் பூ ‘ஃபனா’ என்றே இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டு விடுகதை ஒன்று, தாயைச் சொன்னால் இருமுறை சேரும், தந்தையைச் சொன்னால் ஒருமுறைகூடச் சேராது, அது என்ன என்று கேட்கிறது. விடை உதடு. தாய் என்பதற்கான ‘ஹஹா’வை இன்று சொன்னால் உதடு சேராது, அன்று அது ‘ஃபஃபா’.

நமக்கு இதில் வியக்க அதிகமில்லை. நம் பால் கன்னடத்தில் ஹாலு, பத்து ஹத்து, பல் ஹல்லு. அங்கும் இதே தேய்மானம்தான்.

பழைய ஒலியின் மிச்சத்தை இன்றும் வகுப்பில் கேட்கலாம். ஹ, ஹி என்று போகும் வரி மூன்றாம் எழுத்தில் ‘ஃபு’ ஆகிறது. ‘பல்லால் உதட்டைக் கடிக்காதீர்கள், சூடான காப்பியை ஊதுவதுபோலச் சொல்லுங்கள்’ என்று திருத்துவார் சென்செய். உதடுகள் ஒட்டாமல் நெருங்கும். நடுவே காற்று மட்டும் போகும்.

ஒலி மாறினாலும் ஹ தன் இடத்தை விடவில்லை. ஜப்பானியக் கைபேசியின் எண்பலகையில் 5 ந, 7 ம. நடுவே 6-இல் ஹ.