இறகைக் கண்டு ஏமாறும் மீன்

எங்கள் வேப்பம்பட்டில் மீன்காரம்மாள் கூடையை இறக்கினால் வஞ்சிரம் உண்டு, சங்கரா உண்டு; மழைக்காலமானால் ஏரி விரால்கூட உண்டு. "டிரௌட் இருக்கிறதா?" என்று கேட்டேன். "அது எந்தக் கடை மருந்தும்மா?" என்றாள்.

அவள் மேல் குற்றமில்லை. டிரௌட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். தண்ணீரின் சூடு 20 டிகிரியைத் தாண்டினாலே வாடத் தொடங்கிவிடும். ஆனால் அது நம் நீலகிரியிலும் இருக்கிறது! 1860-களில் பிரான்சிஸ் டே என்ற டாக்டர் சீமையிலிருந்து அதைக் கொண்டுவரப் படாத பாடு பட்டார், பலிக்கவில்லை. பிறகு 1907-இல் வில்ஸன் என்பவர் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்த வானவில் டிரௌட்டுக்குத்தான் நம் மலை ஓடைகள் பிடித்துப்போயின.

இதைப் பிடிக்க மண்புழு வேண்டாம். தூண்டில் முள்ளில் இறகும் ரோமமும் வைத்து நூலால் இறுகச் சுற்றி, பூச்சி போலவே செய்துவிடுகிறார்கள். பூ வேலை தெரிந்த பெண்மணிகள் பார்த்தால் சொக்கிப்போவார்கள். அந்த இறகுகளில் நம் தென்னாட்டுக் காட்டுச் சேவலின் கழுத்து இறகுக்குத் தனி மவுசு. நுனியில் மெழுகுத் துளி வைத்தாற்போல் ஒரு பொட்டு; குட்டி மீனின் கண் போலவே இருக்கும். ஒரு பொட்டுக்காக எத்தனை சேவல்கள் உயிரை விட்டனவோ! இப்போது அதை வேட்டையாடுவது குற்றம்.

என் அண்ணன் மகன் ஸ்காட்லாந்தில் இருக்கிறான். சென்ற செப்டம்பரில் டெலிபோன் செய்தான். "அத்தை, மழையில் ஆறு பொங்கியிருக்கிறது. அக்டோபர் 6-ஆம் தேதியோடு பழுப்பு டிரௌட் பிடிப்பதை நிறுத்திவிட வேண்டும். அப்புறம் அது முட்டையிடும் காலம். இன்றைக்கே போகிறேன்" என்றான்.

"பொங்கும் ஆற்றில் மீன் அகப்படுமாடா?"

"நடு ஆற்று இழுப்பு அதற்கும் ஆகாது அத்தை. கரை ஓரத்திலும் கல்லின் மறைவிலும் ஒதுங்கி நிற்கும். கலங்கல் நீரில் பெரிய, கறுத்த பூச்சியாகக் கட்டிக் காலடியிலேயே போட வேண்டும்."

எனக்கு அடிவயிறு கலங்கியது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதைப் பத்திரிகையில் படித்தவள் நான். மலை ஆறு எப்போது ஏறும் என்று யாருக்குத் தெரியும்?

"மீன் கரையோரம்தானே நிற்கிறது? நீயும் கரையிலேயே நில்! தண்ணீரில் காலை வைத்தாயோ, உங்கம்மாவிடம் சொல்லிவிடுவேன்" என்றேன்.

ராத்திரி போட்டோ வந்தது. மீன் இல்லை. நனையாத பூட்ஸ் மட்டும் இருந்தது.