ஏழூர் வலம்: புதுமணத் தம்பதியரின் பயணம் நிறைவுறும் இடம்

திருமணம் முடிந்த கையோடு மணமக்கள் வெளியூர்ப் பயணம் புறப்படுவது இன்று வழக்கமாகிவிட்டது. உதகை, கொடைக்கானல் என்று மலைவாசத்தலங்களை நாடுவோர் பலர். மிதிவண்டியிலேயே மலைப்பாதை ஏறி வரும் இளம் தம்பதியரும் உண்டு. இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அந்தத் தனிமை உதவுகிறது; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அந்தப் பயணம் எங்கே முடிய வேண்டும்? இந்தக் கேள்விக்கான விடையை நம் காவிரிக் கரை ஒவ்வொரு சித்திரையிலும் விழாவாகவே எடுத்துக் காட்டுகிறது.

அக்கினி பகவான் வழிபட்ட தீயாடியப்பர் அருளும் திருக்காட்டுப்பள்ளியில்தான் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. அங்கிருந்து கிழக்கே நடுக்காவேரியைக் கடந்து சென்றால் திருப்பூந்துருத்தி. அதற்கு அப்பால் திருக்கண்டியூர். கண்டியூரிலிருந்து வடக்கே திரும்பி, குடமுருட்டியையும் காவிரியையும் தாண்டினால் திருவையாறு. இந்த ஆற்றங்கரை ஊர்களில்தான் அந்தத் திருமணத் தம்பதியர் வலம் வருகின்றனர். மணமகன் நந்தியெம்பெருமான், மணமகள் சுயசாம்பிகை.

மழபாடித் திருமணம்

சிலாத முனிவர் மகப்பேறு வேண்டி வேள்வி செய்ய நிலத்தை உழுதபோது, பெட்டகத்தில் கிடைத்த தெய்வக் குழந்தை செப்பேசர். அக்குழந்தைக்கு ஆயுள் பதினாறே ஆண்டுகள் என்பதறிந்து பெற்றோர் கலங்கினர். பிள்ளையோ கலங்காமல் திருவையாற்றுத் திருக்குளத்தில் ஒற்றைக் காலில் நின்று ஐந்தெழுத்தை ஓதித் தவம் புரிந்தார். ஐயாறப்பர் மனமிரங்கி நீண்ட ஆயுளையும், சிவகணங்களுக்குத் தலைமையையும் அருளினார். அத்துடன் நிற்கவில்லை. தந்தையின் இடத்தில் தாமே நின்று, வியாக்கிரபாத முனிவரின் மகளான சுயசையை மணம் பேசி முடித்தார் என்கிறது தலபுராணம்.

கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடியில் பங்குனித் திங்கள் புனர்பூசத்தன்று இத்திருமணம் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் மணமகனை அழைத்துக்கொண்டு திருவையாற்றிலிருந்து எழுந்தருளுகின்றனர். ‘நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்’ என்பது நம் பாட்டிமார் சொல்லிவரும் பழமொழி.

கொடுத்தவர் வாசல் தேடி

திருமணத்துக்கு அக்கம்பக்கத்து ஊர்கள் எல்லாம் சீர் அளித்தன. பழங்கள் திருப்பழனத்திலிருந்து வந்தன. அடியார்க்கு அன்னம் திருச்சோற்றுத்துறை தந்தது. மறையோதும் அந்தணர் திருவேதிகுடியிலிருந்து வந்தனர். அணிகலன்களைத் திருக்கண்டியூரும், மலர்களைத் திருப்பூந்துருத்தியும், வேள்விக்கு நெய்யைத் தில்லைஸ்தானம் எனப்படும் திருநெய்த்தானமும் வழங்கின. ஊர்ப் பெயரிலேயே அது தந்த சீரும் பெரும்பாலும் விளங்குவதைக் காணலாம்.

மணம் முடிந்த அடுத்த மாதம், சித்திரை விசாகத்தையொட்டி, அந்த ஊர்களுக்கெல்லாம் மணமக்களை அழைத்துச் சென்று நன்றி கூறுவதே ஏழூர்த் திருவிழா எனப்படும் சப்தஸ்தானப் பெருவிழா. கண்ணாடிப் பல்லக்கில் ஐயாறப்பரும் அம்மையும், வெட்டிவேர்ப் பல்லக்கில் நந்திகேசுவரரும் சுயசாம்பிகையும் புறப்படுகின்றனர். சித்திரையில் காவிரி பெரும்பாலும் வறண்டு கிடக்கும். கொதிக்கும் ஆற்று மணலில் பல்லக்குச் சுமந்து நடப்பதைப் பேறாகக் கருதுவோர் இன்றும் தோள் கொடுக்கின்றனர்.

திருப்பழனத்தில் ஆபத்சகாயர் தமது பல்லக்கில் எதிர்கொண்டு வரவேற்று, தாமும் உடன் புறப்படுகிறார். திருச்சோற்றுத்துறையில் ஓதனவனேசுவரர், திருவேதிகுடியில் வேதபுரீசுவரர், கண்டியூரில் பிரமசிரகண்டீசுவரர், பூந்துருத்தியில் புஷ்பவனேசுவரர், தில்லைஸ்தானத்தில் நெய்யாடியப்பர் என ஊருக்கொரு பல்லக்காகக் கூட்டம் பெருகுகிறது. நன்றி சொல்லச் சென்ற இடத்திலெல்லாம் உறவு கூடவே கிளம்பி வருகிறது என்பதே இதன் உட்பொருள்.

பூச்சொரியும் நிறைவு

மறுநாள் அத்தனை பல்லக்குகளும் திருவையாற்றில் ஒன்றுகூடுகின்றன. அங்கே பொம்மையொன்று இறைவனுக்குப் பூப்போடும் நிகழ்ச்சி நடைபெறும். பேரக்குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு இதற்கெனக் காத்திருக்கும் பெரியவர்களை அங்கே காணலாம். பின்னர் திருக்கோயிலில் தீபாராதனை. அதன் பிறகு அவரவர் பல்லக்கு அவரவர் ஊருக்கு விடைபெற்றுத் திரும்பும்.

உறவினர் சென்றபின் மணமகன் என்ன செய்கிறார்? கயிலை வாயிலில் காவல் நிற்கிறார். நந்தியின் திருமணப் பயணம் கடமையின் வாசலில் நிறைவுறுகிறது. நந்தியிடம் உத்தரவு பெற்றே ஆலயத்துள் நுழைகிறோமே, அவர் இல்லறத்தாரும் ஆவார் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

மலைப் பயணம் ஒன்று இதே திருவையாற்றில் முடிந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். கயிலை மலையைக் காணாமல் மீளேன் என்று வடக்கே நடந்த அப்பரடிகள், கால் தேய்ந்து உடல் தேய்ந்து வழியிலேயே வீழ்ந்தார். அங்கிருந்த பொய்கையில் மூழ்கும்படி இறைவன் பணித்தார். மூழ்கியவர் எழுந்ததோ ஐயாற்றுத் திருக்குளத்தில்! கரையேறியவர் கண்டது களிறும் பிடியும், சேவலும் பெடையுமாகத் துணையோடு வரும் உயிர்களை. அந்த இணைகளிலேயே அவர் சிவசக்தியைத் தரிசித்தார். ஆடி அமாவாசையன்று அப்பர் கயிலைக் காட்சி விழா இங்கே சிறப்பாக நடைபெறுகிறது. எத்தனை உயரம் ஏறினாலும் காண வேண்டியது சொந்த ஊர்க் குளத்தங்கரையிலும் கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பெரியவர்கள் செய்ய வேண்டியது

முன்பெல்லாம் மறுவீடு, விருந்து, குலதெய்வ வழிபாடு என்று புதுமணப்பெண்ணை ஒவ்வொரு வீடாக அழைத்துச் செல்வோம். அவை வெறும் சாப்பாட்டுக்காக ஏற்பட்டவை அல்ல. இந்த வீட்டில் எனக்கொரு அத்தை இருக்கிறார், அந்த வீட்டில் ஒரு பெரியப்பா இருக்கிறார் என்று அப்பெண் அறிந்துகொள்வாள். பின்னாளில் தம்பதியரிடையே ஒரு மனத்தாங்கல் வந்தால், சென்று சொல்ல ஏழு வாசல்கள் அவளுக்குத் திறந்திருக்கும். இன்று மண்டபத்திலேயே விடைபெற்று விமானம் ஏறும் பிள்ளைகளுக்கு அந்த வாசல்கள் தெரியாமலே போய்விடுகின்றன.

ஆகவே, மலைக்குச் செல்லும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம், வாழ்த்தி அனுப்புவோம். திரும்பி வந்ததும் ஒரே ஒரு நாள் கேட்டுப் பெறுவோம். திருமணத்துக்கு உழைத்தவர், பொருள் தந்தவர், நடக்க முடியாமல் வீட்டிலிருந்தே வாழ்த்தியவர் எனச் சில வாசல்களுக்கு அவர்களை அழைத்துச் செல்வோம். பழமும் பூவுமாகச் சென்று வணங்கி வரட்டும்.

மணமாகாத பிள்ளைகள் உள்ளோர் திருமழபாடியில் நந்தி கல்யாணத்தையும், மணத்தடை நீங்க வேண்டுவோர் திருவேதிகுடியையும் தரிசிக்கலாம். புதிதாக மணமானவர்களை ஏழூர்த் திருவிழாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். முழுவதும் நடக்க இயலாத முதியோர், பல்லக்குகள் கூடும் திருவையாற்றிலேயே காத்திருந்து பூச்சொரியும் காட்சியைத் தரிசித்தாலும் போதும். ஐயாறப்பர் அருளால் இல்லந்தோறும் இணைபிரியா வாழ்வு மலரட்டும்.