உயிரோடிருக்கும் கிணற்றுக்கு ஓர் ஒப்பாரி

2018 ஜூன் மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் வட்டத்தில், மேற்கே ஜவ்வாது மலை நீலமாகத் தெரியும் ஒரு சிற்றூர். சென்னை – சேலம் எட்டு வழிச் சாலைக்காக வந்தவர்கள் ஒரு கழனியில் அளவுக்கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் காலை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில், கிணற்று மேட்டில், ஓர் ஆயா தலைமயிரை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்.

எங்கள் கூத்து ஜமாவின் மத்தளக்காரருக்கு அது சொந்த ஊர். அவரைப் பார்க்கப் போன நான் வரப்பிலேயே நின்றுவிட்டேன். முப்பது வருடமாகக் கூத்தில் ஆர்மோனியம் வாசிக்கிறேன். எங்கள் பக்கம் அதைப் பெட்டி என்போம். யார் பாடினாலும் என்ன கட்டை, என்ன ராகம் என்று தேடுவது விரல்களின் பழக்கம். அன்று அந்தக் குரல் எந்தக் கட்டையிலும் நிற்கவில்லை.

புருஷனும் கொழுந்தன்மாரும் கடப்பாரை பிடித்து அந்தக் கிணறு தோண்டியதைப் பாடினார். பாறை வந்து வெடி வைத்தது, முதல் ஊற்று பீறிட்டது, மாடு கட்டிக் கவலை ஓட்டியது, பிறகு ஆயில் இன்ஜின் வந்தது, மோட்டார் வந்தது, பிள்ளைகள் அதில் குதித்து நீச்சல் பழகியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதார். கிணற்றைத் தாயே என்று கூப்பிட்டார்.

பக்கத்து வீட்டுப் பெண் பதறிப்போய், "ஏ ஆயா, உசுரோட இருக்கிற கெணத்துக்கு யாராவது ஒப்பாரி வெப்பாங்களா?" என்று கேட்டார். நம் ஊரில் அது ஆகாத காரியம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயா கண்ணைத் துடைக்காமலே சொன்னார்: "செத்த பொறவு அழுதா அதுக்குக் கேக்குமா, இல்ல கல்லு நட்டவனுக்குக் கேக்குமா?"

போராட்டப் பாட்டு என்றால் என்ன என்று அந்தக் கேள்வியில்தான் எனக்கு விளங்கியது. இழப்பு நடந்து முடிந்தபின் பாடுவதை இழப்புக்கு முன்னாலேயே பாடிவிடுவது அது. வரப்போகும் சாவைக் காதில் போட்டு, தடுக்க இன்னும் நேரமிருக்கிறது என்று உலுக்குவது.

ஆயாவின் கிணற்றை விழுங்க வந்த திட்டம் பெரியது. சுமார் 10,000 கோடி ரூபாயில் 277 கிலோமீட்டர்ச் சாலை. ஐந்து மாவட்டங்கள். அதில் திருவண்ணாமலை மாவட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 124 கிலோமீட்டர். இந்த எண்களைச் செய்தித்தாளில் எத்தனையோ முறை படித்தேன். மனசு அசையவில்லை. ஒரு கிணற்றின் வரலாற்றைப் பாட்டாகக் கேட்டபோது அசைந்தது. ஆயா வழியில் இருக்கும் எல்லாக் கிணறுகளையும் பாடவில்லை, தன் கிணற்றைப் பாடினார். அதைக் கேட்ட ஒவ்வொருவரும் அவரவர் கிணற்றை நினைத்துக்கொண்டோம்.

எங்கள் மண்ணுக்கு இந்தப் பழக்கம் புதிது இல்லை. பங்குனி முதல் ஆடி வரை இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்த பிரமாண்டமான துரியோதனன் தரையில் கிடப்பான். பீமன் தொடையில் அடிப்பான். திரௌபதி கூந்தல் முடிப்பாள். அத்தோடு முடிந்தது என்று யாரும் எழுந்து போவதில்லை. அதற்குப் பிறகுதான் தோற்றவர் வீட்டுப் பெண்ணின் ஒப்பாரி. பத்துப் பதினைந்து இரவுகளாகப் பாண்டவர் பக்கம் நின்ற ஊர், எதிரியின் வீட்டு அழுகைக்குக் கண் கலங்குகிறது. வென்றவனைப் பாடி முடிக்காமல், பிள்ளையை இழந்தவளைப் பாடி முடிக்கிறது எங்கள் கூத்து. போருக்கு எதிராக இதைவிடப் பெரிய பாட்டை நான் வாசித்ததில்லை.

போளூரிலிருந்து வேலூர் போகும் சாலையில் கண்ணமங்கலத்தைத் தாண்டினால் கம்மவான்பேட்டை. வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயரெடுத்த ஊர். இந்தச் சுற்றுவட்டாரத்தில் படுகளம் பார்க்க வரும் பெண்களில் பலருடைய பிள்ளைகள் எல்லையில் நிற்கிறார்கள். மேடையில் அழுபவள் வேடம் கட்டிய ஆண் என்பதை அவர்கள் அந்த நேரத்தில் நினைப்பதில்லை.

பாரதம் இன்னொன்றும் சொல்கிறது. வில்லிபுத்தூரார் பாரதத்தில் காண்டவ தகனச் சருக்கம் உண்டு. அர்ச்சுனனும் கண்ணனும் துணை நிற்க, அக்னி ஒரு காட்டையே தின்கிறான். விலங்குகளும் பறவைகளும் வெந்து சாகின்றன. அந்தத் தீயில் தாயைப் பறிகொடுத்துத் தப்பிய பாம்பு, பின்னாளில் கர்ணனின் நாகாஸ்திரமாக வந்து அர்ச்சுனன் கழுத்தைத் தேடுகிறது. கர்ண மோட்சத்துக்கு எத்தனையோ இரவு பெட்டி வாசித்திருக்கிறேன். காட்டை எரித்த கடனைத்தான் அந்தப் பாம்பு களத்தில் கேட்க வருகிறது என்று புரிய எனக்கு வயதாக வேண்டியிருந்தது. காட்டின் அழிவும் போரும் ஒரே கதையின் முன்பாதி, பின்பாதி.

எங்கள் மலையடிவார ஊர்கள் அதைக் கண்ணால் பார்த்தன. சந்தனத்துக்குப் பேர்போன ஜவ்வாது மலையில் சந்தனம் வெட்டி வெட்டித் தீர்ந்தது. பிழைப்பு தேடியவர்களை மரம் வெட்டும் கூலி ஆந்திரக் காடுகளுக்கு இழுத்தது. 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். அந்த வீடுகளில் எழுந்த ஒப்பாரியை யாரும் பாட்டு என்று பதிவு செய்யவில்லை. காடு அழிந்த கதையும் துப்பாக்கியின் கதையும் அதற்குள்தான் இருந்தன.

ஆயாவின் அழுகை ஒரு கழனியோடு நின்றுவிடாமல் ஊர் தாண்டிப் போக என்ன வேண்டும்? தெரிந்த பாத்திரத்தில் ஊற்றிக் கொடுக்க வேண்டும்.

2015 ஜூலையில் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் அப்படித்தான் செய்தார். கொடைக்கானலில் யூனிலீவரின் இந்தியக் கிளைக்குச் சொந்தமான தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்டு, 2001-ல் ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை செய்து உடம்பு கெட்டவர்கள் நியாயம் கேட்டு அலைந்துகொண்டிருந்தார்கள். பதினான்கு வருடம் கழித்து, உலகமே முணுமுணுத்த ஓர் அமெரிக்கப் பாட்டின் மெட்டில் சோஃபியா அவர்களுடைய கதையை ராப்பாகப் பாடினார். 'கொடைக்கானல் வோன்ட்' என்ற அந்தக் காணொளியை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். நிறுவனத்தின் தலைவரே பதில் சொல்ல வேண்டி வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

பாட்டு வாங்கிக் கொடுத்தது என்று சொன்னால் அந்தத் தொழிலாளர்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். பதினைந்து வருடம் மனுவும் வழக்குமாக அலைந்தவர்கள் அவர்கள். உலகத்தின் தலையை அவர்கள் பக்கம் திருப்பியது பாட்டு. இரண்டும் சேர்ந்தபோதுதான் கதவு திறந்தது.

எங்கள் கூத்தின் கோமாளியான கட்டியக்காரனும் மெட்டைக் கடன் வாங்குகிறவன்தான். சினிமாப் பாட்டின் மெட்டில் ஊர்ச் சங்கதியைப் போட்டுப் பாடுவது அவன் உரிமை. கல் நட்ட அந்த வருடம் கிருஷ்ணன் தூது ஆடினோம். பாண்டவருக்கு ஐந்து ஊர் கேட்கிறான் கண்ணன், ஐந்து வீடாவது கேட்கிறான். ஊசிமுனை நிலமும் தரமாட்டேன் என்கிறான் துரியோதனன். எங்கள் கட்டியக்காரர் ஒன்றுமே சேர்க்கவில்லை. அளவுச் சங்கிலி பிடிப்பதுபோல் களரியில் குனிந்து நான்கு அடி நடந்தார், அவ்வளவுதான். சனம் எழுந்து நின்றது.

2017 ஜனவரியில் கர்நாடக சங்கீத வித்வான் டி.எம்.கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' வேறொரு பாத்திரம். எழுதியவர் கபேர் வாசுகி, மெட்டமைத்தவர் ஆர்.கே.ஸ்ரீராம்குமார். எண்ணூர்க் கழிமுகம் அனல்மின் நிலையச் சாம்பலாலும் ஆக்கிரமிப்பாலும் மூடப்படுவதைப் பற்றிய பாட்டு. ராகமாலிகையில் சென்னைப் பேச்சுத் தமிழ். ஆனந்தபைரவியை அந்தத் தமிழில் கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது. சபாவில் உட்கார்ந்து கேட்கிறவர்களின் ராகம், வலை வீசுகிறவர்களின் துயரத்தைச் சபாக்காரர்கள் வீட்டுக்கே கொண்டுபோனது.

'புறம்போக்கு' என்ற சொல்லுக்கு அந்தப் பாட்டு செய்த மரியாதை அதைவிடப் பெரிது. ஏரிப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு என்று ஊர் மொத்தத்துக்கும் பொதுவான நிலத்துக்குப் பெயர் அது. எப்போது அதை வசவுச் சொல்லாக்கினோமோ, அப்போதே அந்த நிலத்தையும் கேட்பாரற்றதாக்கினோம். சொல்லை மீட்டுக் கொடுத்தால் நிலத்தைக் கேட்க வாய் வரும்.

எங்கள் பழைய வடஆர்க்காட்டு மண்ணான அரக்கோணத்திலிருந்து வந்த ராப் பாடகர் அறிவு, 2021-ல் பாடகி தீயோடு பாடிய 'என்ஜாய் எஞ்சாமி'யில் ஒப்பாரியின் குரல் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அதை எடுத்ததாக அறிவு சொல்லியிருக்கிறார். மண்ணைத் திருத்தியவருக்கு மண் சொந்தமில்லாத கதை, கல்யாண வீடுகளில் ஆடப்படும் பாட்டாக உலகம் சுற்றியது. ஆடியவர்களில் சிலராவது ஒருநாள் நின்று கேட்டிருப்பார்கள்.

போர்க் காலத்திலும் பாட்டு இப்படியே எல்லை தாண்டியிருக்கிறது. 1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் லட்சம் லட்சமாக இந்தியாவுக்குள் வந்தபோது, பண்டிட் ரவிசங்கர் தன் நண்பரான பாடகர் ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்டார். ஆகஸ்ட் 1-ம் தேதி நியூயார்க்கில் நடந்த கச்சேரியில் ரவிசங்கரின் சிதாரும் அலி அக்பர் கானின் சரோதும் முதலில் ஒலித்தன. பங்களாதேஷ் என்ற பெயரையே பல அமெரிக்கர்கள் அன்றுதான் கேட்டார்கள்.

2009 பிப்ரவரியில் இலங்கையின் வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் பிள்ளைப் பருவத்தைக் கழித்து, லண்டனுக்கு அகதியாகப் போன மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் கிராமி மேடையில் நிறைமாதக் கர்ப்பிணியாகப் பாடினார். அந்த வாரங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஈழத் தமிழரின் சாவைப் பற்றிப் பேசினார். அந்தப் போரை அது நிறுத்தவில்லை. மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. இதை மறைத்துவிட்டு பாட்டின் பெருமை பேச எனக்கு மனமில்லை. பாட்டுக்குத் துப்பாக்கியைத் தடுக்கும் கை கிடையாது. எங்களுக்குத் தெரியாதே என்று உலகம் சொல்லித் தப்ப முடியாமல் செய்யும் வாய் மட்டும் உண்டு.

வாய்க்குப் பயப்படுகிறவர்களும் உண்டு. சிலி நாட்டுப் பாடகர் விக்டர் ஹாராவை 1973 செப்டம்பரில் ராணுவம் கொன்றது. நம் ஊரில் 2015-ல் மதுக்கடைகளுக்கு எதிராகப் பாடியதற்காகத் தோழர் கோவன் தேசத்துரோக வழக்கில் கைதானார். பாட்டு வெறும் பொழுதுபோக்கு என்றால் இவ்வளவு கோபம் எதற்கு?

எட்டு வழிச் சாலைக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். விவசாயிகள் தொடுத்த வழக்கில், நிலம் கையகப்படுத்தியதை 2019 ஏப்ரல் 8-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ம் தேதி உச்ச நீதிமன்றம், புதிதாக அறிவிக்கை வெளியிட்டுத் திட்டத்தைத் தொடரலாம் என்றது. ஆயாவின் கழனியில் இன்றுவரை சாலை வரவில்லை.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் மத்தளக்காரரோடு அங்கே போனேன். ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கிணற்று மேட்டில் உட்கார்ந்து அடர்ந்த ஓர் அவரைக் கொடியிலிருந்து காய் பறித்துக்கொண்டிருந்தார். அன்று பாடிய ஒப்பாரியை மறுபடி ஒருமுறை பாடுங்கள், பதிவு செய்துகொள்கிறேன் என்று கைப்பேசியை நீட்டினேன்.

ஆயா என் கையைத் தள்ளிவிட்டார். "உள்ள எட்டிப் பாரு தம்பி. தண்ணி கெடக்குதா இல்லையா?"

எட்டிப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு படிக்குக் கீழே தண்ணீர் கிடந்தது. என் முகமும் அதற்குப் பின்னால் வானமும் தெரிந்தன.

"அப்புறம் என்னாத்துக்கு ஒப்பாரி? அன்னிக்கு வெச்சது போதும். மறுபடி கல்லு வந்தா மறுபடி வெக்கறேன்," என்றார் ஆயா. பிறகு மடியிலிருந்த அவரைக்காயை என் துண்டில் கொட்டிவிட்டு, நாற்று நடும்போது பாடும் பாட்டு ஒன்றைத் தொடங்கினார். மத்தளக்காரர் கிணற்றுத் திட்டில் தாளம் தட்டினார். இந்த முறை கட்டை எனக்குப் பிடிபட்டது.