எலிப்பொறி சேதி அனுப்புமா? அனுப்பியிருக்கிறதே!

எலி விழுந்ததும் வீட்டுக்காரருக்குத் தானே தகவல் சொல்லும் எலிப்பொறி ஒன்று இருந்தது, தெரியுமா? இங்கிலாந்துக்குத் தெற்கே, ஐல் ஆஃப் வைட் தீவில், கூரை வேய்ந்த ஒரு பழைய வீட்டில்! வீட்டுக்காரர், அப்போது ஐ.பி.எம். பொறியாளராக இருந்த ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க். விளக்கு எரிகிறதா, தண்ணீர் எவ்வளவு ஓடியது என்றெல்லாம் அந்த வீடு ட்விட்டரில் பேசிக்கொண்டிருந்தது!

இதைவிடப் பெரிய ஆச்சரியம், அந்த மனிதர் 1999-ல் ஆர்லன் நிப்பருடன் சேர்ந்து உருவாக்கிய எம்.க்யூ.டி.டி. என்ற சேதிமுறை. அது எதற்காகப் பிறந்தது தெரியுமா? ஆளரவமற்ற இடங்களில் ஓடும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க! செயற்கைக்கோள் இணைப்பு அன்று கொள்ளைச் செலவு. ஆகவே சேதியின் தலைப்பகுதியை இரண்டே பைட் வரை சுருக்கிவிட்டார்கள். பாலைவனக் குழாய்க்குப் பழகிய அந்தச் சிக்கனம்தான் இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இ.எஸ்.பி. என்ற குட்டி வை-ஃபை போர்டுக்கும் நம் வீட்டு விளக்குக்கும் நடுவே தூது போகிறது!

அந்த போர்டில் மாட்டும் சென்சார்களில் எனக்கு மிகப் பிடித்தது ரீட் சுவிட்ச். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வால்ட்டர் எல்வுட் 1936-ல் கண்டுபிடித்தது. சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய இரண்டு உலோகத் தகடுகள். காந்தம் அருகில் வந்தால் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரிந்துவிடும். அவ்வளவுதான்! இதைக் கதவில் மட்டும்தான் பொருத்த வேண்டுமா என்ன? மாத்திரை டப்பாவில் சுவிட்சையும் அதன் மூடியில் காந்தத்தையும் ஒட்டுங்கள். காலை ஒன்பது மணிவரை மூடி திறக்கவில்லை என்றால், வெளியூரில் இருக்கும் மகளின் செல்போன் ஒலிக்கும். தனியாக இருக்கும் அம்மாவுக்கு இதைவிட நல்ல துணைக்கருவி எனக்குத் தெரியவில்லை!

ஆள் வந்தால் விளக்கு போடும் பி.ஐ.ஆர். சென்சாரின் வெள்ளைக் குமிழைப் பார்த்திருப்பீர்கள். அது கலங்கரை விளக்கத்தின் பேரப்பிள்ளை! பிரான்சின் ஃபிரெனெல் 1820-களில் கடலுக்கு ஒளி பாய்ச்ச உருவாக்கிய லென்ஸ், இங்கே நம் உடம்பின் வெப்பக் கதிரைக் கூட்டிக் கொடுக்கிறது. ஆனால் அது அசைவைத்தான் அறியும். அசையாமல் பேப்பர் படித்தால் விளக்கு அணைந்துவிடும். அதற்கும் வழி வந்துவிட்டது: 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சென்சார். நாம் மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதையே அது கண்டுகொள்கிறது!

மின்சார மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மின்னுகிறதே, ஏன் தெரியுமா? எத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்று மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்றிருந்தால் 3200 முறை மின்னினால் ஒரு யூனிட். எதிரே ஓர் ஒளி சென்சாரை வைத்தால் போதும், மீட்டரைத் தொடாமலே கரண்ட் கணக்கு கைக்கு வரும்!

மொட்டைமாடித் தொட்டிக்கு அல்ட்ராசோனிக் சென்சார். நொடிக்கு 40,000 அதிர்வுள்ள, நம் காதுக்கு எட்டாத ஒலி. தண்ணீர் ஒரு மீட்டர் கீழே இருந்தால் சுமார் 6 மில்லிநொடியில் போய்த் திரும்பிவிடும். வௌவாலின் வித்தை! தொட்டிக்குள் நீராவி படியும், எனவே கார் பின்பக்கத்தில் வருவது போன்ற, நீர் புகாத சென்சாரையே வாங்குங்கள். தண்ணீர் குறைந்ததும் மோட்டார் தானே ஓட வேண்டுமா? மோட்டாரை, போர்டு இயக்கும் சின்ன ரிலேயில் நேராக மாட்டாதீர்கள்; மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டை அது தாங்காது, நடுவில் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் வேண்டும். 230 வோல்ட் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ரீட் சுவிட்சும் காந்தமும் இ.எஸ்.பி. போர்டும் வாங்கி, முதலில் அந்த மாத்திரை டப்பாவில் ஒட்டிப் பாருங்களேன்!