அலையாத்தி மரம் அலையை ஆற்றியதா?



இந்த மாத சுவர் இதழுக்குக் கடல் ஆராய்ச்சி பற்றி எழுதச் சொன்னார்கள். எனக்கு உடனே கப்பலும் திமிங்கலமும்தான் ஞாபகம் வந்தது. அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். "அவ்ளோ தூரம் ஏன் போற? நம்ம பிச்சாவரம் காட்டை வெச்சே வெளிநாட்டு விஞ்ஞானிங்க எல்லாம் சண்டை போட்டிருக்காங்க. அதை எழுது" என்றார். விஞ்ஞானிகள்கூட சண்டை போடுவார்களா என்று ஆச்சரியமாக இருந்தது. டீச்சர் படித்துச் சொன்னதை எனக்குப் புரிந்த வரை எழுதுகிறேன்.

ஆயா சொன்ன கதை

முதலில் எங்கள் வீட்டுக் கதை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்தது. அப்போது நாம் யாரும் பிறக்கவில்லை. எங்கள் ஆயா வீடு காட்டுக்குப் பின்னால், கடலை விட்டு நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே தண்ணீர் வாசல் வரை வந்து திரும்பிவிட்டதாம். என் பெரியம்மாவைக் கடலை ஒட்டிய ஒரு குப்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அங்கே காடு கிடையாது. பெரியம்மா திரும்பி வரவே இல்லை. "அந்தக் காடுதான்டி எங்களைக் காப்பாத்துச்சு. அவ ஊருல நாலு மரம் இருந்திருந்தா அவளும் இருந்திருப்பா" என்று ஆயா இன்றைக்கும் சொல்வார்.

அலையாத்தி என்றால் அலையை ஆற்றுவது என்று தமிழ் ஐயா சொல்லியிருக்கிறார். பேரிலேயே பதில் இருக்கிறதே! அதனால் எனக்கு இதில் சந்தேகமே வந்ததில்லை.

பரங்கிப்பேட்டையில் ஒரு மையம்

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதன் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. இதை வளர்த்தவர் பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா. 1963-இல் பல்கலைக்கழக மானியக் குழு இதை உயராய்வு மையமாக அங்கீகரித்தது. அங்கீகாரம் என்றால் சட்டம் போட்டு மாட்டுகிற சான்றிதழ் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆய்வகம், நூலகம், படகு, படிக்கிற மாணவர்களுக்கு உதவித்தொகை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டுமே. இப்படி ஒரு மையம் பல வருடமாக இங்கேயே இருந்ததால்தான், சுனாமி வந்ததும் நம் கடற்கரையை நன்றாகத் தெரிந்தவர்களே ஆராய்ச்சி செய்ய முடிந்தது.

அந்த மையத்தின் பேராசிரியர் கதிரேசனும் அவருடன் ராஜேந்திரனும் பரங்கிப்பேட்டை கடற்கரையில் உள்ள 18 குப்பங்களை ஆராய்ந்தார்கள். எத்தனை பேர் இறந்தார்கள், எவ்வளவு சொத்து போனது, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், முன்னால் எவ்வளவு மரங்கள் என்று கணக்கெடுத்தார்கள். மரங்கள் இருந்த இடத்தில் சேதம் குறைவு என்று 2005-இல் ஓர் உலக ஆய்வு இதழில் எழுதினார்கள். அதே வருடம் டேனியல்சன் என்ற டென்மார்க் விஞ்ஞானியும் பல நாட்டுக்காரர்களும் நம் கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்து 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அலையாத்தி, சவுக்கு போன்ற மரங்கள் இருந்த இடத்தில் சேதம் குறைவு என்று அவர்களும் சொன்னார்கள். சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

பிரச்சினை வந்தது

நம் சுவர் இதழில் தமிழ் ஐயா எழுத்துப் பிழை பார்த்த பிறகுதான் ஒட்டுகிறோம் அல்லவா? ஆய்வு இதழிலும் அப்படித்தான். ஒருவர் கட்டுரை அனுப்பினால், அதே துறையில் உள்ள வேறு விஞ்ஞானிகள் அதைப் படித்துக் குறை நிறை சொல்வார்கள். பெரும்பாலும் இதற்குச் சம்பளம் கிடையாது. ஒருவருக்கொருவர் செய்கிற உதவி இது. கட்டுரை வெளிவந்த பிறகும் விடமாட்டார்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம்.

2006-இல் கெர், பேர்டு, கேம்ப்பெல் என்ற மூன்று விஞ்ஞானிகள் நம் ஊர்க் கணக்கை எடுத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். ஒரே தூரம், ஒரே உயரம் உள்ள ஊர்களை ஒப்பிட்டால், மரத்தால் சாவு குறைந்தது என்று சொல்ல முடியாது என்று அதே இதழில் எழுதினார்கள். கதிரேசனும் ராஜேந்திரனும் பதில் எழுதினார்கள். வேறு இருவர் இன்னொரு முறையில் கணக்குப் போட்டு, மரத்துக்கும் பங்கு உண்டு என்றார்கள்.

எனக்கு ரொம்பக் கோபம் வந்தது. "இவங்க யாரு மிஸ், நம்ம ஊருக்கு வந்து பார்த்தாங்களா?" என்று கேட்டேன்.

டீச்சர் சிரித்துக்கொண்டே ஓர் உதாரணம் சொன்னார். நம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருகிறவர்கள் நல்ல மார்க் வாங்குகிறார்கள். அதற்கு பெஞ்சு காரணமா? நன்றாகப் படிக்கிறவர்களே முதல் பெஞ்சுக்குப் போய் உட்காருவதும் காரணமாக இருக்கலாமே! எது காரணம் என்று தெரிய வேண்டுமானால், ஒரே மாதிரி படிக்கிற இரண்டு பேரை முன்னாலும் பின்னாலும் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்.

எனக்குச் சுருக்கென்றது. ஆயா வீட்டுக்கு முன்னால் காடும் இருக்கிறது, தூரமும் இருக்கிறது. பெரியம்மா வீட்டுக்குக் காடும் இல்லை, தூரமும் இல்லை. காப்பாற்றியது எது?

ஆயாவிடம் போய்க் கேட்டேன். ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ உள்ள தள்ளி ஒரு ஊருல குடுத்திருந்தா பொழச்சிருப்பாளாடி?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கேட்டிருக்கவே கூடாதோ என்று அழுகை வந்தது. மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். "கணக்கு பல ஊருக்குச் சேர்த்துதான் பதில் சொல்லும்மா. ஒரு ஆள் பொழைச்சிருப்பாங்களான்னு அதால சொல்ல முடியாது. இது யார் தப்பும் இல்லைன்னு ஆயாகிட்ட சொல்லு" என்றார். சொன்னேன்.

யாருக்கு என்ன பெருமை?

விஞ்ஞானிகளுக்குப் பரிசுகள் உண்டு. கோவா தேசிய கடலியல் நிறுவனத்தின் ஷெட்யே 1992-இலும், நக்வி 1996-இலும் பட்நாகர் பரிசு வாங்கினார்கள். பேர் வைப்பதும் ஒரு பெருமை. பிச்சாவரத்தில் உள்ள ஒரு வகை சுரபுன்னையைப் பேராசிரியர் கதிரேசன் கண்டு சொன்னார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பேரால் அதற்கு 'ரைசோஃபோரா அண்ணாமலயானா' என்று அறிவியல் பெயர். முதலில் தனி இனம் என்று எழுதினார்கள். 1997-இல் மரபணுச் சோதனை செய்தபோது அது இரண்டு சுரபுன்னை இனங்களின் கலப்பு என்று தெரிந்தது. பேர் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. 2022-இல் பிச்சாவரம் காடே ராம்சார் பட்டியலில் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலமாகச் சேர்ந்தது.

ஆனால் எனக்கு இவை எல்லாவற்றையும் விடப் பெரிய மரியாதையாகத் தெரிவது வேறு. நம் 18 குப்பங்களின் கணக்கை எங்கேயோ இருக்கிற ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் படித்து, திரும்பப் போட்டுப் பார்த்தாரே, அதுதான். வேண்டாத கட்டுரையை யார் மெனக்கெட்டுத் திருத்துவார்கள்?

நாம் செய்ய வேண்டியது

இந்தச் சண்டையில் ஒரு விஷயத்தை யாரும் மறுக்கவில்லை. கடலை விட்டுத் தள்ளியும் மேட்டிலும் இருந்தால் ஆபத்து குறைவு. காட்டை வெட்டலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. மீன் குஞ்சும் இறாலும் நண்டும் வளர்கிற இடம் அது. காடு இருக்கிறதே என்று நம்பி அலைக்கு எதிரில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். 2007 முதல் ஹைதராபாத்தில் உள்ள மையம் சுனாமி எச்சரிக்கை தருகிறது. எச்சரிக்கை வந்தால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். ஆயாக்களையும் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

நான் எழுதியதில் பிழை இருந்தால் கீழே பென்சிலால் எழுதுங்கள். கோபப்பட மாட்டேன். விஞ்ஞானிகளே கோபப்படாமல் பதில் எழுதுகிறார்களே!



ஒன்பதாம் வகுப்பு மாணவி