எரிந்தது கொஞ்சம், நனைந்தது அதிகம்!
சரக்கைக் காப்பாற்ற தனிப்படை வைத்த இன்சூரன்ஸ் கம்பெனிகள்

பெரம்பலூர்,

கடையில் தீப்பிடித்தால் 101-க்கு போன் பறக்கிறது. மணி அடித்துக்கொண்டு வண்டி வருகிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்து தீயை அணைக்கிறார்கள்.

மறுநாள் கணக்குப் பார்க்கும்போதுதான் வயிறு எரியும். பல நேரம் நெருப்பு தின்றதை விட தண்ணீர் கெடுத்ததுதான் அதிகமாக இருக்கும்!

பெரம்பலூர் மண்டியில் மக்காச்சோளம் நனைந்தால் பூஞ்சாணம். பருத்தி கறைபட்டால் விலை போகாது. சின்ன வெங்காயம் அழுகியே போகும். அரியலூர் சிமெண்டு மூட்டையைக் கேட்கவே வேண்டாம். கல்!

இப்படி நனையும் சரக்கைக் காப்பாற்றவே தனிப்படை வைத்திருந்த ஊர்கள் உண்டு. படைக்கு சம்பளம் கொடுத்தது சர்க்கார் அல்ல. இன்சூரன்ஸ் கம்பெனிகள்!

லண்டனில்...

லண்டனில் முதலில் தீயணைப்புப் படையையே இன்சூரன்ஸ் கம்பெனிகள்தான் நடத்தின. 1861 ஜூன் 22-ந் தேதி டூலி தெரு கிடங்குகளில் பயங்கர தீ. சணல், பருத்தி, சர்க்கரை, தேயிலை எல்லாம் சாம்பல். சுவர் இடிந்து விழுந்து படைத்தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் பலியானார்.

"இனி நம்மால் ஆகாது" என்று கம்பெனிகள் கையை விரித்தன. 1866-ல் தீயணைப்பு வேலை அரசு பொறுப்புக்குப் போனது. சரக்கைக் காக்கும் "சால்வேஜ்" படையை மட்டும் கம்பெனிகள் வைத்துக்கொண்டன.

சிவப்பு ஹெல்மெட்

நியூயார்க் கதை இன்னும் சுவையானது. 1835 டிசம்பர் 16-ந் தேதி இரவு அங்கே பெருந்தீ. கடுங்குளிரில் குழாயிலேயே தண்ணீர் உறைந்துவிட்டது! 600-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் நாசம். ஊரில் இருந்த 26 தீ இன்சூரன்ஸ் கம்பெனிகளில் 23 திவால்.

சூடு கண்ட கம்பெனிகள் 1839-ல் "ஃபயர் பேட்ரோல்" என்ற படையைத் தொடங்கின. 1867-ல் அதற்கு சட்ட அங்கீகாரம் கிடைத்தது.

இவர்களுக்கு சிவப்பு ஹெல்மெட். தீயணைப்பு வண்டி கிளம்பும்போதே இவர்கள் வண்டியும் கிளம்பும். மாடியில் தீ என்றால் கீழ் மாடிக்கு ஓடுவார்கள். சரக்கை நடுவே குவித்து தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். மேலிருந்து ஒழுகும் தண்ணீரைப் படிக்கட்டு வழியாகவும் சாக்கடைக்கும் தள்ளி விடுவார்கள். தீ அணைந்ததும் ஓட்டைக் கூரையை மூடுவார்கள். முதலாளி வரும் வரை திருடன் கை வைக்காமல் காவலும் உண்டு.

பாலிசி இல்லாத கடைக்கும் இதே சேவைதான். காசு கிடையாது! தர்மம் என்று நினைக்க வேண்டாம், எல்லாம் கணக்குதான். தீப்பிடித்த நேரத்தில் பாலிசியைத் தேடிக்கொண்டிருந்தால் சரக்கு என்னாவது?

2001 செப்டம்பர் 11-ந் தேதி உலக வர்த்தக மையத்துக்கும் இந்தப் படை ஓடியது. 27 வயது வீரர் ஒருவர் அங்கே உயிர் இழந்தார்.

மூடு விழா

லண்டன் படை 1984-ல் கலைக்கப்பட்டது. லிவர்பூல், கிளாஸ்கோ படைகளும் அதே ஆண்டில் போயின. நியூயார்க் படைக்கு 2006 அக்டோபரில் மூடு விழா. செலவு கட்டவில்லையாம்! கோடிகளில் புரளும் கம்பெனிகள் சொன்ன காரணம் இது.

நம்ம ஊர்க் கடைகளுக்கு?

பெரம்பலூரிலும் அரியலூரிலும் சிவப்பு ஹெல்மெட் வராது. தார்ப்பாயைக் கடைக்காரர்தான் வாங்கி வைக்க வேண்டும். மூட்டைகளைத் தரையில் போடாமல் மரச்சட்டம் மேல் அடுக்கினால் அடி மூட்டை தப்பும்.

தீ இன்சூரன்ஸ் எடுத்தவர்களுக்கு, அணைக்கப் பீய்ச்சிய தண்ணீரால் வந்த நஷ்டமும் தீ நஷ்டமாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் மிஞ்சிய சரக்கு மேலும் கெடாமல் பார்ப்பது பாலிசிதாரர் பொறுப்பு. "கம்பெனிக்காரன் வரட்டும்" என்று நனைந்த மூட்டையை அப்படியே போட்டு வைத்தால் நஷ்ட ஈட்டில் கை வைப்பார்கள்.

5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்கு 2021 ஏப்ரல் முதல் "பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா" பாலிசி இருக்கிறது. தீ விபத்தைத் தொடர்ந்து 7 நாளுக்குள் நடக்கும் திருட்டுக்கும் இதில் ஈடு உண்டு.

தீயணைப்பு வீரர்கள் "உள்ளே போகலாம்" என்று சொன்ன பிறகே போக வேண்டும். நனைந்ததைத் தனியாக, நனையாததைத் தனியாகப் பிரித்து, போட்டோ எடுத்து, கம்பெனிக்கு உடனே தகவல் கொடுக்க வேண்டும். சர்வேயர் பார்க்கும் முன் நனைந்த சரக்கை விற்கவோ குப்பையில் கொட்டவோ கூடாது.